எட்டுக் கோடுகள்: எங்கள் ஊர் வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத்துப் பெரியவர்களுக்கு,

வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கைநாட்டு வாங்குவதென்று உங்கள் கூட்டத்தில் முடிவான உறுதிமொழிப் பத்திரத்தின் நகல் ஒன்று போன வாரம் என் கைக்கு வந்தது. கொண்டுவந்தவர் ஊரில் ஒரு வீட்டைப் பார்த்துக்கொள்கிற அக்கா. “இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு தம்பி, ஞாயித்துக்கிழமைக்குள்ள கைநாட்டு வச்சுக் குடுக்கணுமாம்” என்றார்.

படித்துச் சொன்னேன். கைநாட்டு வைப்பவர் சொல்வதாக எழுதியிருந்தது இது: சாவி என் வசம் இருக்கும் காலத்தில் வீட்டில் எந்தப் பொருள் காணாமல் போனாலும் நானே பொறுப்பு; நான் எடுக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியதும் என் கடமை; நிரூபிக்கத் தவறினால் காவல்துறை எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். இவ்வளவுதான் விஷயம். கேட்டு முடித்துவிட்டு அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: “எடுக்கலன்னு எப்புடித் தம்பி காட்டுறது?”

எனக்கும் தெரியவில்லை. எடுத்தவன் எடுத்ததைக் காட்டலாம். எடுக்காதவன் எதைக் கொண்டுவந்து காட்டுவான்?

இரண்டாம் பக்கத்தில் ‘வீட்டில் உள்ள பொருள்களின் விவரம்’ என்று தலைப்புப் போட்டுக் கீழே எட்டுக் கோடு இழுத்திருக்கிறீர்கள். எட்டும் காலி. காணாமல் போவது என்ன என்பதே எழுதாத தாளில், காணாமல் போனதற்குப் பொறுப்பு நான் என்று ஒரு கைநாட்டு.

என்னை உங்களில் பலருக்குத் தெரியும். காரைக்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். ஒரு வீட்டில் குத்துவிளக்கு காணாமல் போன அந்த வழக்கில் சாட்சியாக வந்து பல்டி அடித்தவன் என்றும் தெரியும். எழுதாத தாளில் ஒருமுறை நானும் கையெழுத்துப் போட்டவன்தான். அதனால்தான் இதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த வீட்டை நினைவிருக்கும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். 11 புள்ளிக்கு, அதாவது 11 குடும்பத்துக்குப் பங்கு. ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ கல்யாணத்துக்கோதான் வீடு முழுசாகத் திறக்கும். 22 வருஷம் அதைப் பார்த்துக்கொண்டவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விடிந்ததும் முகப்பைக் கூட்டித் தெளிப்பது, மழைக்காலத்தில் வளவு முற்றத்தில் தண்ணீர் நிற்காமல் பார்ப்பது, ஓட்டு இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை ஏறிப் பிடுங்குவது, கரையானுக்கு மருந்தடிப்பது எல்லாம் அவர்தான். மாதம் 3,500 ரூபாய், பின்கட்டில் ஓர் அறை. வாசல் சாவி ஒரு சாண் நீளம் இருக்கும். இடுப்பில் செருகினால் குத்தும் என்று துண்டு முனையில் முடிந்து தோளில் போட்டிருப்பார். துண்டின் அந்த முனை மட்டும் எத்தனை துவைத்தாலும் துருவேறிச் செம்மண் நிறமாகவே இருக்கும்.

படைப்புக்கு வந்த பங்குதாரர் ஒருவர் தம் அறையைத் திறந்தார். வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடியைக் காணோம், எனாமல் தூக்கு மூன்றைக் காணோம், பித்தளைச் சாமான் சிலதைக் காணோம். அவர் அந்த அறையைக் கடைசியாகத் திறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பூட்டு உடையவில்லை. அறைச் சாவி ஒன்று அவரிடம், இன்னொன்று அவர் தம்பியிடம். பார்த்துக்கொள்கிறவரிடம் இருந்தது வாசல் சாவி மட்டும்.

ஸ்டேஷனில் முதல் கேள்வி, “சாவி யார்கிட்ட இருந்துச்சு?” கடைசிக் கேள்வியும் அதுதானாம். நாலு வருஷத்தில் என்றைக்குப் போனது, அந்த நாலு வருஷத்தில் வீடு எத்தனை தடவை திறந்தது, யார் யார் வந்து தங்கினார்கள், யாரும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவர் வெளியே நடந்துவந்த நடையைப் பார்த்தே மற்றதைப் புரிந்துகொண்டோம்.

அதற்கு முந்தின ராத்திரி எட்டு மணி இருக்கும். டீக்கடையில் நின்றவனைக் கூப்பிட்டு, “சாட்சிக்கு ரெண்டு கையெழுத்துப் போட்டுட்டுப் போ” என்றார்கள். கார்பன் வைத்த மூன்று தாள். எதிலும் ஓர் எழுத்து இல்லை. போட்டேன். பழைய சாமான் கடைக்காரன் போலீஸிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் கடை திறக்க முடியாது என்பது என் பயம். பயம்தான், நியாயம் இல்லை.

நாலு வருஷம் கழித்துக் கோர்ட்டில் அந்தத் தாளைப் படித்தார்கள். தாள் நிறைந்திருந்தது. காலை 6.30 மணிக்கு மாட்டுக்கொட்டகை ஓரத்தில் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவரைக் கோர்ட்டில் அப்படித்தான் சொல்வார்கள்) தானே மண்ணைத் தோண்டி எடுத்துக் கொடுத்த பித்தளை அண்டா ஒன்றை நான் நேரில் பார்த்தேனாம். அன்று காலை 6.30 மணிக்கு நான் திருச்சி பஸ்ஸில் இருந்தேன்.

அண்டாவை மேஜைமேல் வைத்தார்கள். எதிரித் தரப்பு வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “விலாசம் எங்கே?” என்று கேட்டார். கோர்ட்டில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. உங்கள் வீடுகளில் கரண்டி முதல் கொப்பரை வரை, இன்ன வீட்டுச் சாமான் என்று காட்டும் விலாச எழுத்து வெட்டாமல் எதை உள்ளே விட்டிருக்கிறீர்கள்? அந்த அண்டாவின் விளிம்பில் எழுத்தும் இல்லை, எழுத்தை ராவி எடுத்த தடமும் இல்லை. விளிம்பு மெஷினில் மடித்தது. முப்பது வருஷத்துக்கு மேல் பழசாக இருக்காது என்று நான் அங்கேயே சொல்லியிருப்பேன், என்னை யாரும் அதைக் கேட்கவில்லை.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். எழுதாத தாளில்தான் கையெழுத்துப் போட்டேன், எதையும் பார்க்கவில்லை என்றேன். அரசுத் தரப்பு என்னைப் பிறழ் சாட்சி என்றது. ஊர் அதற்கு ஒரு விலையும் வைத்தது. என் காதுக்கே 20,000 என்று வந்தது. ஆறாவது வருஷம், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை. வெள்ளிக் குத்துவிளக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. உங்கள் சங்கத்தில் சொன்னது ஒரே வார்த்தை: “தப்பிச்சுட்டான்.”

அவர் இப்போது தேவகோட்டைப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் ராத்திரிக் காவல். சாவி தரமாட்டார்களாம். விசில் மட்டும்தான்.

கூண்டில் நின்றுவிட்டு வந்த பிறகுதான் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் படித்தேன். 1872-ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் நடப்பில் இருக்கிறது. எண்கள் மாறியிருக்கின்றன, இந்த விஷயத்தில் சங்கதி மாறவில்லை. பழைய 101-ஆம் பிரிவு, இப்போது 104. அதற்குச் சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது. ஒருவர் குற்றம் செய்தார், அவரைத் தண்டிக்க வேண்டும் என்று நீ கோர்ட்டுக்கு வந்தால், செய்தார் என்று நிரூபிக்க வேண்டியவன் நீ. அதையும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும்.

இதை உங்களுக்குப் புரியவைக்க வக்கீல் வேண்டியதில்லை. ரங்கூனிலும் பினாங்கிலும் வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதியவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள். ஒருவர் பேரில் பற்று எழுதினால் ஆதாரம் காட்ட வேண்டியவர் எழுதியவர்தானே? ‘வாங்கவில்லை என்று நீ நிரூபி’ என்று எந்தப் பேரேட்டில் எழுதினார்கள்? ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, ஒத்துவராமல் இடித்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டுவார்களாம். கணக்கப்பிள்ளையின் சட்டையை அதற்கு முன்னால் பிடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

உங்கள் பத்திரத்தை எழுதிக்கொடுத்தவர் பழைய 106-ஆம் பிரிவை மனசில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். இப்போது அது 109. ஒருவருக்கு மட்டுமே விசேஷமாகத் தெரிந்த விஷயத்தை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்கிறது அது. டிக்கெட் இல்லாமல் ரயிலில் வந்தான் என்று வழக்கு வந்தால், டிக்கெட் இருந்தது என்று காட்ட வேண்டியவன் பயணி. இது சட்டத்தில் உள்ள உதாரணம். சரி, சாவி வைத்திருந்தவனுக்குத்தானே தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். 1956-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அஜ்மீரில் ஓர் அரசு அலுவலக எழுத்தர் பொய்ப் பயணப்படி வாங்கினார் என்ற ஷம்பு நாத் மெஹ்ரா வழக்கு அது. அரசுத் தரப்பு தன் பாரத்தை எதிரியின் தலையில் இறக்கிவைக்க இந்தப் பிரிவு வரவில்லை என்றார்கள். இல்லாவிட்டால் கொலை வழக்கில்கூட, செய்தாயா இல்லையா என்பது உனக்குத்தானே தெரியும், நீயே நிரூபி என்று ஆகிவிடும் என்றார்கள். பூட்டிய வீட்டுக்குள் நடக்கும் கொலைகளில் கூட இருந்தவரைப் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள், உண்மைதான். அங்கேயும் அவர் உள்ளே இருந்தார் என்பது முதலான அடிப்படையை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தாக வேண்டும்.

அப்புறம் எங்கள் தொழிலைத் தொடுகிற பிரிவு ஒன்று உண்டு. பழைய 114, இப்போது 119. திருடு போன கொஞ்ச நாளிலேயே அந்தப் பொருள் ஒருவர் கையில் இருந்து, எப்படி வந்தது என்று அவரால் சொல்ல முடியாவிட்டால், அவர் திருடன் அல்லது தெரிந்தே திருட்டுச் சாமான் வாங்கியவர் என்று கோர்ட் ஊகிக்கலாம். ‘ஊகிக்கலாம்’ தான், ஊகித்தே ஆகவேண்டும் என்று இல்லை. பழைய பிரிவில் கூடவே ஒரு கடைக்காரனையும் சொல்லியிருப்பார்கள். கல்லாவில் அடையாளம் போட்ட திருட்டு ரூபாய் ஒன்று கிடக்கிறது. அது எப்படி வந்தது என்று கடைக்காரனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் நாள் முழுக்க ரூபாய் வாங்கிப் போடுகிறவன் அவன். அதையும் யோசித்துப் பார் என்கிறது சட்டம். எங்கள் தெருவில் ‘ரெக்கவரி’, அதாவது திருட்டுப் பொருளை மீட்டதாகக் காட்டுவதற்கென்று வந்து பித்தளையும் வெள்ளியுமாய் எடுத்துப் போகிறவர்களுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. நான் சொல்ல வந்தது ‘கொஞ்ச நாளிலேயே’ என்கிற வார்த்தையை. கடைசியாகப் பார்த்தது நாலு வருஷத்துக்கு முன்பு என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். எதிரி சொன்னதை வைத்துப் பொருள் கிடைத்தால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். முன்பு 25, 26, 27 என்று மூன்று பிரிவு, இப்போது எல்லாம் 23-க்குள். சென்னை மாகாணத்திலிருந்து, அன்றைக்கு மேல்முறையீட்டின் கடைசிப் படியான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன புலுக்கூரி கொட்டயா வழக்கில் 1946-ல் கோடு கிழித்துக் கொடுத்தார்கள். கூரையில் கத்தியை ஒளித்துவைத்திருக்கிறேன் என்பது வரை எடுத்துக்கொள்ளலாம், அந்தக் கத்தியால்தான் குத்தினேன் என்பதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனால்தான் எங்கள் வழக்கில் மாட்டுக்கொட்டகை ஓரத்தில் ஓர் அண்டா முளைக்க வேண்டியிருந்தது. பொருள் ‘கிடைக்க’ வேண்டுமே.

உங்கள் பத்திரம் குற்ற வழக்கில் நிற்காது. வரதட்சணைச் சாவு, போதைப்பொருள் போன்ற சிலவற்றில் சட்டமே எதிரிக்குப் பாதகமான அனுமானங்களை வைத்திருக்கிறது. அது சட்டமன்றங்கள் செய்ய வேண்டிய வேலை, சங்கங்கள் முத்திரைத்தாளில் செய்கிற வேலை இல்லை. நிற்காத தாளுக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பீர்கள். கோர்ட்டில் செல்லாத தாள் ஸ்டேஷனில் செல்லும் என்பதால்தான். அக்காவின் கைநாட்டை மேஜைமேல் விரித்துவைத்து, “நீயே எழுதிக் குடுத்திருக்கியே” என்று ஆரம்பித்தால், கோர்ட் வந்து சேர ஆறு வருஷம் ஆகும்.

2025 ஜூனில் நம் சிவகங்கை மாவட்டத்திலேயே, திருப்புவனம் பக்கம் ஒரு கோயில் காவலாளிக்கு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். காரை நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். காருக்குள் வைத்திருந்த நகையைக் காணோம் என்று புகார். விசாரணைக்குப் போன இளைஞர் உயிரோடு திரும்பவில்லை. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது, மதுரை உயர் நீதிமன்றக் கிளை கேட்காத கேள்வி இல்லை. சாவி கையில் இருந்தது என்பதிலிருந்துதான் அங்கேயும் ஆரம்பித்தது.

உங்கள் பக்கத்து வலி எனக்குத் தெரியாமல் இல்லை. தூணை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், வாசல் நிலையைப் பெயர்த்திருக்கிறார்கள். தாத்தா பர்மாவிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் தேடி வருகிற பேத்தி, இருந்த இடத்தில் தூசிச் சதுரத்தைப் பார்த்துவிட்டு நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். இதில் எங்கள் தொழிலுக்குப் பங்கில்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கொண்டுவந்தவர் யார் என்று கேட்காமல் வாங்குகிறவர்கள் உண்டு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கோபப்படாதீர்கள். என் கடைக்கு வருகிற சாமானில் பெரும்பகுதி பங்குதாரர்களே கொண்டுவந்து விற்பது. சில சமயம் மற்றப் புள்ளிகளுக்குச் சொல்லாமல். “அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் வந்து அறையைத் திறந்து, இல்லை என்று பார்க்கும்போது தம்பி சென்னையில் இருப்பார். வாசலில் நிற்பவர் துண்டில் சாவியோடு நிற்கும் ஒருவர்தான். விற்றவர்களின் பெயர் என் பில் புத்தகத்தில் இருக்கிறது. யாரையும் காட்டிக்கொடுக்க இதை எழுதவில்லை. ஒரு வீட்டுக்குச் சாவி எத்தனை, கை எத்தனை என்பதை எண்ணாமல் ஒரு கையை மட்டும் பிடிப்பதைத்தான் கேட்கிறேன்.

கேட்பது இவைதான்.

பத்திரத்தைத் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே கைநாட்டு வாங்கியிருந்தால் அந்தத் தாள்களை அவரவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். ரத்து என்று வாயால் சொல்வது போதாது.

அந்த எட்டுக் கோட்டை நிரப்புங்கள். எட்டு போதாது, எண்பது வேண்டியிருக்கும். படைப்பு முடிந்து வீட்டைப் பூட்டும்போது அறைவாரியாகப் பட்டியல் எழுதுங்கள். கல்யாணச் சீருக்கு ஊசி முதல் எழுதுகிற வீடுகளுக்கு இது புதிதா? செல்போனில் படம் எடுத்துவையுங்கள், பாத்திரங்களின் விலாச எழுத்துத் தெரிகிற மாதிரி. ஒவ்வொரு அறைக்கும் சாவி எத்தனை, யாரிடம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். பங்குதாரர் ஒருவரும் பார்த்துக்கொள்கிறவரும் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் பார்த்துக்கொள்கிறவரிடம் இருக்க வேண்டும். அது அவருக்கும் சாட்சி, உங்களுக்கும் சாட்சி. பங்குதாரர் எவராவது ஒரு பொருளை எடுத்துப் போனால் அதே பட்டியலில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகட்டும்.

புகார் கொடுக்க வேண்டி வந்தால் கொடுங்கள். கடைசியாக எப்போது பார்த்தோம், இடையில் யார் யார் வந்து திறந்தார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். ‘சந்தேகம்: வீட்டைப் பார்த்துக்கொள்பவர்’ என்று காரணம் சொல்லாமல் ஒரு பெயரை எழுதாதீர்கள்.

பார்த்துக்கொள்கிறவரை விசாரணைக்குக் கூப்பிட்டால் சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போங்கள். எழுத்தில் அழைப்பு கேளுங்கள். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று ஸ்டேஷனுக்கு வரவழைக்கக் கூடாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆம் பிரிவு. இந்த ஊரில் வீடு பார்த்துக்கொள்கிறவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கிறார்கள்? அதே சட்டத்தின் 105, சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்கிறது. சாட்சி கையெழுத்துப் போடுவது உட்பட. அந்த வீடியோவை நீங்கள் கேட்டால் மரியாதையாகப் பதில் வரும். நாங்கள் கேட்டால் வேறு மாதிரி வரும்.

கடைசியாக, அந்தப் பெரியவர். கைதான மாதம் வரைக்கும் அவருக்கு ஐந்து மாதச் சம்பளம் பாக்கி. 17,500 ரூபாய். விடுதலைத் தீர்ப்பின் நகலும் உங்களிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதை முழுசாகப் படியுங்கள், அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு. பணத்தை அங்கேயே கொடுங்கள்.

பட்டியல் எழுதும் அன்று வெளிச்சாட்சி வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், கடையைச் சாத்திவிட்டு வருகிறேன். தாளை மட்டும் எழுதி முடித்துவிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
காரைக்குடி பழைய சாமான் கடைக்காரன்